செய்திக்கும் ஒரு நேரம் வையுங்கள்

2020 பொங்கலுக்கு அப்பாவுக்கு ஒரு லேப்டாப் வாங்கித் தந்தேன். மார்ச்சில் ஊரடங்கு வந்தது. காலை எழுந்ததும் செய்தித் தளங்கள், பக்கத்தில் டிவி, நடுநடுவே வாட்ஸ்அப். நள்ளிரவிலும் எழுந்து கொரோனா எண்ணிக்கையைப் பார்ப்பார். புதுக் கம்ப்யூட்டர் ஆர்வம் என்று நான் நினைத்தேன். அது பயம் என்று அம்மாதான் சொன்னார்.

நாளுக்கு ஓரிரு முறை, குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் செய்தி பாருங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் அந்த மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. அப்பா காலை, மாலை என்று நேரம் வைத்துக்கொண்டார். பிரவுசரில் செட்டிங்ஸ் சென்று, செய்தித் தளங்களின் நோட்டிபிகேஷன்களை நான் நிறுத்தினேன். மெல்லத் தூக்கம் திரும்பியது.

செய்தியே வேண்டாம் என்பதல்ல என் கருத்து. புயல் எச்சரிக்கை தெரியாமல் இருப்பதும் ஆபத்துதான். ஆனால் ஒரே காட்சியை ஐம்பது முறை பார்ப்பதால் பாதுகாப்பு கூடுவதில்லை, பயம்தான் கூடுகிறது. அதைத் திரும்பத் திரும்பக் காட்டும் சேனல்கள், கீழே ஓடும் வரியில் மனநல உதவி எண்ணையும் காட்டலாமே?

அந்த எண் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். வைரஸ் வந்தால் கம்ப்யூட்டரைக் காட்ட ஆள் தேடுகிறோம். மனதுக்கும் தேடுவதில் வெட்கம் எதற்கு?