பூமிக்கு அடியில் மிச்சமிருக்கும் எண்ணெய்: கெமிக்கலுக்கு சலுகை சரி, கணக்கு எங்கே?

ஒரு எண்ணெய் வயலில் கிணறு தோண்டினால் உள்ளே இருப்பது எல்லாம் வெளியே வந்துவிடுமா? வராது. உலக அளவில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே பெரிய விஷயம். மீதி, பாறையின் நுண்துளைகளில் சிக்கி அங்கேயே கிடக்கும்.

ராஜஸ்தானின் பார்மர் பகுதியில் உள்ள மங்களா வயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-ல் கண்டுபிடிக்கப்பட்டு, 2009-ல் உற்பத்தி தொடங்கிய வயல். இங்கே கிடைக்கும் எண்ணெயில் மெழுகு அதிகம். ஆறினால் உறைந்துவிடும் என்பதால், சூடாகவே வைத்திருக்கும் பைப்லைனில்தான் குஜராத்துக்குப் போகிறது. இப்படிப்பட்ட எண்ணெயை வெறும் தண்ணீரை விட்டுத் தள்ளினால், தண்ணீர் கிடைத்த இடுக்கில் புகுந்து முந்திக்கொண்டு கிணற்றுக்கு வந்துவிடும். எண்ணெய் நின்ற இடத்திலேயே நிற்கும்.

அதனால்தான் தண்ணியில பாலிமர் கலக்குறாங்க. பாலிஅக்ரிலமைடு வகைப் பவுடர். கொஞ்சம் சேர்த்தாலே தண்ணீர் கஞ்சி மாதிரி கெட்டியாகி, எண்ணெயை முன்னால் தள்ளிக்கொண்டு போகும். சோப்பு போல வேலை செய்யும் சர்ஃபாக்டன்ட்டையும் காரத்தையும் சேர்த்தால், பாறையில் சிக்கியதும் கழன்று வரும். செலவும் எகிறும். சீனாவின் டாச்சிங் வயலில் 1996 முதலே பாலிமர் பெரிய அளவில் பயன்பாட்டில் இருக்கிறது. (இது ஃபிராக்கிங் இல்லை. அதன் நோக்கம் பாறையை உடைப்பது. இதன் நோக்கம் அதுவல்ல.)

கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இது நல்ல வழிதான். புதுசா ஒரு ஊரைத் தோண்டுவதைவிட, ஏற்கெனவே தோண்டிய இடத்தில் மிச்சத்தை எடுப்பது மேல்.

ஆனால் உள்ளே போகும் பாலிமரில் ஒரு பகுதி தண்ணீரோடு திரும்பி வரும். அந்தத் தண்ணீரிலிருந்து எண்ணெயைப் பிரிப்பதே தலைவலி. பாலிமர் பெரிய விஷமல்ல. அதைத் தயாரிக்கப் பயன்படும் அக்ரிலமைடு நச்சு. அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது முக்கியம்.

2018-ல் மத்திய அரசு கொண்டுவந்த கொள்கை, இப்படிக் கூடுதலாக எடுக்கும் எண்ணெய்க்கு வரிச்சலுகை தருகிறது. அரசுக்கு வரவேண்டிய பணத்தை விட்டுக்கொடுக்கும்போது, எத்தனை டன் கெமிக்கல் உள்ளே போனது, எத்தனை பீப்பாய் கூடுதலாக வந்தது, திரும்பி வந்த தண்ணீர் எங்கே போனது என்ற மூன்று கணக்கையும் வயல்வாரியாக, சாதாரண ஆள் போனில் பார்க்கிற மாதிரி வெளியிடச் சொல்வதில் என்ன தப்பு? சலுகைக்கு அதையே நிபந்தனையாக்கலாம்.