பைக்கற்றில் வராத விதை

போன மாரிக்கு எங்கட ஊரில ஒரு தொண்டு நிறுவனம் வீட்டுத்தோட்டத் திட்டம் என்று சொல்லி வீட்டுக்கு ஐந்து விதைப் பைக்கற் குடுத்தது. பனர் பிடித்துப் படமும் எடுத்தார்கள். அம்மாவின் கத்தரி நல்லாய்த்தான் காய்த்தது. ஆசைப்பட்டு ஒரு காயைப் பழுக்கவிட்டு விதை எடுத்து வைத்தா. இந்தமுறை போட்டால் ஒரு கன்றில் நீட்டுக்காய், இன்னொன்றில் குண்டுக்காய், மூன்றாவது காய்க்கவே இல்லை. "என்ர கைராசி போட்டுது" என்றா.

கையில் ஒரு பிழையும் இல்லை. பைக்கற்றின் மூலையில் சின்ன எழுத்தில் 'எஃப்1' என்று இருந்தது. இரண்டு வேறு வர்க்கங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை அது. அதின்ர விதையைப் போட்டால் தாயைப்போல வராது. ஒவ்வொரு போகத்துக்கும் கடைக்குத்தான் போகவேணும். இதை அம்மாவுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. ஆனால் திட்ட அறிக்கையில் இதற்குப் பெயர் 'தற்சார்பு'!

கலப்பின விதை கூடாது என்று நான் சொல்லவில்லை. சந்தைக்குப் பயிர் செய்பவர் கணக்குப் பார்த்து வாங்கட்டும். கையில் காசில்லாத வீட்டுக்கு, அடுத்தமுறை காசு குடுத்து வாங்கவேண்டிய விதையை இலவசமாகக் குடுப்பது உதவியா, வாடிக்கையாளர் பிடிப்பதா?

இப்படிக் கதைத்தால் உடனே ஒரு நக்கல் வரும்: "2021இல பார்த்தனாங்கள்தானே உங்கட இயற்கை விவசாயத்தை." உண்மைதான், பார்த்தோம். ஏப்ரலில் இரசாயனப் பசளையைத் தடைசெய்வோம் என்றார்கள், நவம்பரில் கைவிட்டார்கள். இடையில் நட்டப்பட்டது விவசாயி. உக்கல் சேர்ந்து மண் தேற வருடக்கணக்காகும். அதை வர்த்தமானியால் செய்யப் பார்த்ததுதான் பிழை. அந்தப் பிழையால் இப்ப சேதனப் பசளை என்ற சொல்லே பகிடியாகிவிட்டது.

பகிடி பண்ணுபவர்கள் வலிகாமத்துக் கிணறுகளையும் ஒருக்கால் பார்க்கவேணும். செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே கொட்டும் யூரியாவில் பயிர் எடுக்காதது நைத்திரேற்றாகிக் கீழே இறங்கும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தாண்டிய கிணறுகள் அங்கே கனக்க. அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் யூரியா வரவில்லை. சனம் பூவரசங்குழையும் பனையோலையும் தாட்டது, ஆட்டுப்பட்டி அடைத்தது. அதைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன்; விருப்பப்பட்டு ஒருத்தரும் அப்படி இருக்கவில்லை. ஆனால் செய்முறை தெரிந்திருந்தது. சாம்பலில் பிரட்டிய விதை குசினியில் இருந்தது. இனி ஒரு தடையோ டொலர் தட்டுப்பாடோ வந்தால் எங்கட குசினியில் என்ன இருக்கும்? வெறும் பைக்கற்!

ஆகவே தொண்டு நிறுவனங்களுக்கு: விதை எடுத்துத் திரும்பப் போடக்கூடிய இனங்களைக் குடுங்கோ. எது அப்படிப்பட்டது என்று தமிழில் எழுதிக் குடுங்கோ. இரண்டாம் வருடமும் வந்து, எத்தனை வீட்டில் சொந்த விதை முளைத்தது என்று எண்ணுங்கோ. பிறகு படம் எடுங்கோ.

எங்களுக்கும் ஒன்று இருக்கு. மொட்டைக்கருப்பன் அரிசியைப் படமெடுத்து முகநூலில் போட்டால் இனம் தப்பாது. வருடாவருடம் மண்ணில் போட்டு, இந்த வெயிலிலும் இந்த மண்ணிலும் தாக்குப்பிடித்த கன்றுகளில் விதை எடுத்தால்தான் அது இந்த ஊருக்குரிய விதையாய் இருக்கும். ஆளுக்கு ஒரு பயிரைப் பொறுப்பெடுப்போம். புதிதாய்த் தொடங்குபவருக்குப் பயிற்றை லேசு, பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். நல்ல நாலைந்து கன்றுகளில் காயைப் பிடுங்காமல் முற்றிக் காயவிட்டால் போதும்.

நான் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் ஒரு பிடி பயிற்றை விதை வாங்கியிருக்கிறேன். காசு வேண்டாம் என்றா. "திருப்பித் தரேக்க ரெண்டு பிடியாத் தா."