நம்பிக்கையின் முகவரி நிக்டி

ஒவ்வோர் ஆண்டும் பருவமழை தொடங்கும் காலத்தில், தேஹுவிலிருந்து பண்டரிபுரம் நோக்கிப் புறப்படும் துக்காராம் பல்லக்கு ஊர்வலம் புனே மாவட்டத்தின் நிக்டியைக் கடந்து செல்கிறது. சாலையின் இருமருங்கிலும் மக்கள் குடிநீரும் உணவும் ஏந்தி நிற்கிறார்கள். பலர் யாத்திரிகர்களின் கால்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறார்கள். செருப்புத் தைக்கும் தொழிலாளர்கள் கூலி பெறாமல் அறுந்த வார்களைத் தைத்துத் தருகிறார்கள். தண்ணீர் கொடுப்பவர் பெறுபவரின் சாதியை விசாரிப்பதில்லை.

நிக்டி புண்ணியத் தலமன்று, தொழிலாளர்களின் ஊர். 1954இல் பிம்ப்ரியில் தொடங்கப்பட்ட பொதுத்துறை மருந்து நிறுவனமான இந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸும், பின்னர் வந்த வாகன ஆலைகளும் இப்பகுதியைத் தொழில் நகரமாக்கின. வேலை தேடிப் பல மாநிலங்களிலிருந்தும் உழைப்பாளிகள் வந்தனர். இன்று அவ்வுழைப்பாளிகளின் பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை அரிதாகிவிட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, 300 பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் ஆலையை மூட அரசின் முன் அனுமதி தேவையில்லை. முன்பு இவ்வரம்பு 100 ஆக இருந்தது. இத்தகைய சூழலில் சாலையோரத்துக் குடிநீர்க் குவளையை நம்பிக்கையின் அடையாளமாகக் கொள்ளலாமா?

கொள்ளலாம். ஆனால் அதன் வரலாற்றை முழுமையாக அறிந்து கொள்ள வேண்டும். பல்லக்கு ஊர்வல மரபு 1685இல் துக்காராமின் மகன் நாராயண் மகராஜால் தொடங்கப்பட்டது. சூத்திரக் குலத்தில் பிறந்த கவிஞர் ஒருவரின் பாதுகைகளை லட்சக்கணக்கானோர் வணங்கி நடந்தனர். ஆயினும் அந்தச் சமத்துவம் சாலையோடு நின்றது. மகார் சமூகத்துக் கவிஞரான சோகாமேளாவின் சமாதி பண்டரிபுரம் கோயிலின் வாசற்படியருகேதான் இருக்கிறது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அக்கோயிலின் கதவு திறக்க 1947இல் சானே குருஜி உண்ணாவிரதம் இருக்க வேண்டியிருந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 1939இல் நடந்த ஆலயப் பிரவேசமும், உத்தப்புரம் தீண்டாமைச் சுவரில் 2008 மே 6 அன்று ஏற்படுத்தப்பட்ட திறப்பும் தமிழ் வாசகர்களுக்கு இதே பாடத்தைக் கற்பித்தவை. அன்பு வழியை உண்டாக்குகிறது. கதவைத் திறப்பது அமைப்பாகத் திரண்ட போராட்டம்.

புனேயிலேயே இதற்கு மற்றொரு சான்று உண்டு. தெருத்தெருவாகக் குப்பை பொறுக்கியவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். எவர் கண்ணிலும் படாதிருந்த அவர்கள் 1993இல் ‘காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து’ என்ற தொழிற்சங்கமாகத் திரண்டனர். சுமைப்பணித் தொழிலாளர்களின் தலைவரான பாபா ஆதவ் அதற்குத் துணை நின்றார். பின்னர் ‘ஸ்வச்’ என்னும் கூட்டுறவு அமைப்பு, மாநகராட்சியுடன் உடன்பாடு செய்துகொண்டு வீடுவீடாகக் கழிவு சேகரிக்கும் உரிமையைப் பெற்றது. கருணையை எதிர்பார்த்திருந்தால் இது கிடைத்திருக்காது. அக்கம்பக்கத்துப் பெண்களிடையே ஏற்கெனவே இருந்த பழக்கமும் பரிவும் சங்கமாக உருமாறியதால் கிடைத்தது.

நிக்டியின் பக்தி-சக்தி சதுக்கத்தில் 107 மீட்டர் உயரக் கொடிக்கம்பம் நிற்கிறது. அண்ணாந்து பார்ப்பவருக்கு அது கம்பீரமாகத் தோன்றும். ஆனால் நாட்டின் வலிமை அக்கம்பத்தின் உயரத்தில் இல்லை. அதன் அடியில் நடந்து செல்வோரின் தாகத்தைத் தணிக்கும் கைகளில் இருக்கிறது. அக்கைகளைச் சாதியாகவும் மதமாகவும் பிரித்து எதிரெதிரே நிறுத்துவது வகுப்புவாத அரசியலின் வேலை. அவற்றைத் தனித்தனியே உழலவிடுவது நவீன தாராளமயத்தின் வேலை. இவ்விரண்டுக்கும் மாற்று, அண்டை வீட்டாரின் உறவிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஆகவே, இடதுசாரி இயக்கம் சிறுநகரத்துப் பொது வாழ்க்கையைப் பழமைவாதிகளிடம் விட்டுவிடலாகாது. திருவிழாத் தண்ணீர்ப் பந்தல், வெள்ளக் காலத்துச் சமையற்கூடம், நூலகம், ரேஷன் கடை வரிசை ஆகிய அனைத்தும் மக்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் களங்கள். ஊழியர்கள் அங்கே இருக்க வேண்டும். உபதேசிப்பதற்காக அன்று, உடன் உழைப்பதற்காக. ஒருநாள் தண்ணீர் கொடுத்த கை மறுநாள் ஒப்பந்தத் தொழிலாளியின் கையைப் பற்றும்போது, நம்பிக்கை பொருள் உள்ளதாகிறது.