டீயை நிறுத்தினால் வாடகை குறையுமா?

"செலவைச் சுருக்கத் தெரிந்தால் எந்தச் சம்பளத்திலும் குடும்பம் நடத்தலாம்." சம்பளம் போதவில்லை என்று யார் வாய் திறந்தாலும் இந்தப் பதில் வந்து விழுகிறது. சொல்பவர் பெரும்பாலும் சொந்த வீட்டில் இருப்பவர். டீ, சினிமா, செல்போன், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்று ஒரு குற்றப்பட்டியலும் கூடவே வரும். இந்த நம்பிக்கை கணக்கில் நிற்காது. அதைவிடக் கொடுமை, குறைந்த கூலியின் பழியை அந்தக் கூலியை வாங்குபவர் தலையிலேயே இது கட்டிவிடுகிறது.

கணக்கையே பார்ப்போம். சென்னையில் ஜவுளிக்கடையிலோ தனியார் மருத்துவமனையிலோ வேலை பார்த்து, கைக்கு 20,000 ரூபாய் வாங்குகிறார் ஒருவர். நகருக்குள் கட்டுப்படியாகாமல் புறநகரில் 8,000 ரூபாய்க்கு ஒரு சின்ன வீடு பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு இரண்டு டீ, ஒன்று 15 ரூபாய், மாதம் 900. அதை அடியோடு விட்டுவிடட்டும். ஐந்து மாத அட்வான்ஸ் 40,000 ரூபாயைச் சேர்க்க ஏறக்குறைய நான்கு வருடம் அவர் டீ குடிக்காமல் இருக்க வேண்டும். அதற்குள் 11 மாத ஒப்பந்தம் மூன்று முறை புதுப்பிக்கப்பட்டு, வாடகையும் ஏறியிருக்கும். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை தனி. காலி செய்யும்போது பெயிண்ட் செலவென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. இதில் அவர் எந்த இடத்தில் சிக்கனம் பிடிப்பது?

மின்சாரத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 200 யூனிட் ஓடும் வீட்டுக்கு மின்வாரியத்தின் பில் 250 ரூபாயைத் தாண்டாது. வீட்டு உரிமையாளர் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று போட்டால் அதே 200 யூனிட்டுக்கு 1,600 ரூபாய். அரசு விட்டுக்கொடுத்த பணம் வழியிலேயே வேறொருவர் பைக்குள் போகிறது. மின்விசிறியை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைப் புழுக்கத்தில் படுக்க வைத்தாலும் அந்த 8 ரூபாய் 7 ஆகாது.

ரேஷனில் அரிசி இலவசம். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தும் இலவசம். இந்த இரண்டும் எத்தனையோ குடும்பங்களை நிமிர்த்தி வைத்திருக்கின்றன, அதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் அரிசியில் மிச்சமானதை வாடகை விழுங்கிவிடுகிறது. அதற்கு மட்டும் ரேஷன் கிடையாது.

ஏழாவது ஊதியக்குழுவின்படி மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய். சென்னையில் வேலை பார்த்தால் அதில் 30 சதவீதம், அதாவது 5,400 ரூபாய், வீட்டு வாடகைப்படியாகத் தனியே கிடைக்கிறது. அகவிலைப்படி வேறு. நகரத்தில் குடியிருக்கச் சம்பளத்துக்கு மேல் பணம் வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்டு, தன் ஊழியருக்கு அதைத் தருகிறது. சரியான ஏற்பாடு. அதே தெருவில் குடியிருக்கும் செக்யூரிட்டிக்கு மட்டும் ஏன் அறிவுரை?

"எங்கள் அப்பா ஒரே சம்பளத்தில் ஏழு பேரைக் காப்பாற்றினார்" என்பார்கள். காப்பாற்றியிருப்பார். ஒண்டுக்குடித்தனத்தில், ஒரே அறையில், ஒரு கழிப்பறைக்குப் பத்துப் பேர் வரிசையில் நின்று காப்பாற்றினார். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அவருக்குத் துணை இருந்தது. நியாய வாடகையை நிர்ணயிக்கச் சொல்லி அவரால் முறையிட முடிந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இரு தரப்பும் பேசி முடித்ததே வாடகை. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று அது சொல்கிறது, ஆனால் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளவும் இடம் விடுகிறது. வீடில்லாமல் நிற்பவர் எந்தத் தெம்பில் மறுத்துப் பேசுவார்?

இந்தச் சிக்கனத்தை யார் செய்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். உபதேசம் ஆணுக்கு, நிறைவேற்றுபவள் பெண். கடைசியாகச் சாப்பிடுபவள் அவள். தன் பங்குப் பாலைக் குழந்தைக்கு ஊற்றுபவள், மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுபவள், பள்ளி திறக்கும் மாதத்தில் கம்மலைக் கழற்றி அடகுக்கடைக்கு அனுப்புபவள் அவள். வெளியே அதற்குக் கெட்டிக்காரத்தனம் என்று பெயர். என் கண்ணுக்கு அது, மருத்துவமனையில் பின்னால் கட்டவேண்டிய கடனை இன்றே அவள் உடம்பின் மேல் வாங்குவது.

வீண்செலவே இல்லை என்று நான் வாதாடவில்லை. கடன் அட்டையில் சிக்கியவர்களும் உண்டு. ஆனால் வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து, ரயில் சீசன் டிக்கெட், தண்ணீர் கேன் எல்லாம் போக மிஞ்சுவதில்தான் சிக்கனத்துக்கு வேலை. மிஞ்சாத வீட்டில் போய் அதைப் போதிப்பது இரக்கமில்லாத செயல்.

மூன்று மாத அட்வான்ஸ் வரம்பில் உள்ள ஓட்டையை அரசு அடைக்கட்டும். வாடகைதாரரிடம் மின்வாரியக் கட்டணத்துக்கு மேல் ஒரு பைசா வாங்குவதையும் தண்டனைக்குரியதாக்கட்டும். விற்பதற்கென்றே கட்டாமல், வேலை இருக்கும் இடத்துக்கு அருகில் வாடகைக்கு விடவும் வீடுகள் கட்டட்டும். குடிசைகளிலிருந்து அகற்றிய மக்களை நகரின் ஓரத்தில் உள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பழைய வேலைக்கு அவர்கள் பேருந்தில் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தது போதும். ஆள் எடுக்கும் முதலாளிகள், தங்கள் கடைக்கு ஒரு மணி நேரத் தொலைவுக்குள் ஒரு வீட்டின் வாடகை என்னவென்று விசாரித்துவிட்டுச் சம்பளம் பேசட்டும்.