துணியை ஆற்றில் விடச் சொன்னது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தை அமாவாசை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு திருப்புடைமருதூர் போயிருந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து காலைப் பலகாரத்தை முடித்துக் கிளம்பினால் விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பிவிடலாம். தாமிரபரணியில் கடனா நதி வந்து சேர்கிற ஊர். தலைமருது, இடைமருது, புடைமருது என்பார்களே, அந்த மூன்றில் கடைசி. நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் ஐந்து நிலைகளிலும் நாயக்கர் காலத்து ஓவியங்கள் உண்டு. பல வருஷங்களுக்கு முன் ஏறிப் பார்த்தபோது, குதிரைகளைச் சுமந்து வரும் கப்பல் ஒன்றின் முன்னால் அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். இப்போது மூட்டு இடம் கொடுப்பதில்லை. அதனால் நேரே ஆற்றுக்கு இறங்கிவிட்டோம்.

முழங்கால் ஆழத்தில் நின்ற பேத்தி திடீரென்று அலறினாள். பாம்பென்று நினைத்துவிட்டாள். காலைச் சுற்றியிருந்தது ஒரு சேலை. நானும் மருமகளுமாக இழுத்தோம். வந்துகொண்டே இருந்தது. மணல் ஏறி, பாசி பிடித்து, ஈரச்சாக்கு மாதிரி கனத்த பாலியஸ்டர் சேலை. அதன் மடிப்பில் ஒரு பேன்ட், கொக்கி கூடக் கழற்றாமல். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் பையன், "ஆச்சி, அத விட்ருங்க. அடியில பாட்டில் ஒடஞ்சு கெடக்கும், கைய கிழிச்சிரும்" என்றான். அவனுக்குப் பத்து வயதிருக்கும். ஆற்றில் எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்பது அவனுக்கு மனப்பாடம்.

கரையில் "ஆற்றில் துணிகளை விடாதீர்கள்" என்று ஒரு பலகை இருந்தது. அதன் மேலேயே ஒரு வேட்டி தொங்கியது.

வீட்டுக்கு வந்து ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். தண்ணீர் எங்கள் பொறுப்பு, படித்துறை வேறு துறை என்றார்கள். அங்கே கேட்டால், குப்பை அள்ளுவது இன்னொருவர் வேலையாம். நான்காவது இடத்தில் என் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டார்கள், அதோடு சரி. நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கிற தண்ணீர் இது. குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் கட்டி, நெல்லும் வாழையும் விளைவிக்கிற தண்ணீர். அமாவாசைக்கு அமாவாசை பாபநாசத்தில் தொடங்கி வழிநெடுகத் துணி விழுகிறது என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த ஒருநாள் படித்துறைக்கு நாலு ஆளை நிறுத்தி, மூடி போட்ட தொட்டி ஒன்று வைக்க இத்தனை துறைகளுக்குள் ஒன்றுக்குமா மனசு வரவில்லை?

திருப்புடைமருதூர்க்காரர்களைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளலாம். கோயிலைச் சுற்றிய மரங்களில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. எச்சம் தலையில் விழுகிறது, வாடை அடிக்கிறது, யாரும் கல்லெடுப்பதில்லை. அவர்கள் காத்து வைத்ததால்தான் 2005-இல் அரசு அதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தது. மொத்தமே ஏழு ஏக்கர்தான். அந்த மரத்தடியில் காரை நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து, பாட்டை அலறவிட்டவர்கள் எல்லாரும் வெளியூர் ஆட்கள். (எங்கள் காரிலும் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. பேத்திதான் அணைத்தாள்.)

வெளியூர்க்காரர்களைத் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றால், இல்லை. 2018 தாமிரபரணி புஷ்கரத்தின்போது ஏழரைச் சனி கழியும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, பாபநாசத்தில் நானும் ஒரு சேலையை விட்டுவிட்டு வந்தவள்தான். நல்ல சேலை. அது எந்தத் துறையில் எந்தப் பிள்ளையின் காலைச் சுற்றியதோ தெரியாது. என் அம்மா காலத்தில் இப்படி ஒரு வழக்கத்தை நான் பார்த்ததில்லை. எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, ஈரச் சேலையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவாள். அப்போதும் பித்ருக்கள் திருப்தியாகத்தான் இருந்தார்கள். அதோடு, அன்றைக்கு உடுத்தியது பருத்தி. ஆற்றோடு போனாலும் மக்கிவிடும். இன்றைய பாலியஸ்டர் நம் பேரன் பேத்திகளின் காலத்திலும் மணலுக்கடியில் கிடக்கும்.

அப்படியானால் இதைச் சொல்லிக் கொடுத்தது யார்? காலையில் டிவியைப் போட்டால் ஒரு ஜோதிடர், உடுத்திய துணியோடு முழுகி அதை அங்கேயே விட்டு வரச் சொல்கிறார். சொல்லக் கசப்பாக இருக்கிறது, உங்கள் இதழின் ஆன்மிக இணைப்பும் இதில் சேர்த்திதான். போன வருஷம் ஆடி அமாவாசைக்கு நீங்கள் போட்ட பரிகாரத் தலங்கள் பட்டியலை எடுத்து வைத்திருக்கிறேன். எந்தத் துறையில் குளித்தால் எந்தத் தோஷம் போகும் என்று இரண்டு பக்கம். துணியைத் திரும்ப எடுத்து வாருங்கள் என்று ஒரு வரி இல்லை.

அதிகாரிகள் எப்போது அசைவார்களோ, என் கையில் இல்லை. அந்த ஒரு வரி உங்கள் கையில் இருக்கிறது. வருகிற ஆடி அமாவாசை இணைப்பில், ஒவ்வொரு துறையின் பெயருக்குக் கீழும், கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை.