“அப்படி நடந்திருக்க வழியே இல்லை”



ஒருவர் நம்மிடம் வந்து, “உங்களால் எனக்குத் துன்பம் நேர்ந்தது” என்று முறையிடும்போது நம் நாவில் முதலில் எழும் சொல் யாது? “அப்படி நடந்திருக்க வழியே இல்லை” என்பதே. இல்லத்திலும் அலுவலகத்திலும் நாள்தோறும் கேட்கும் சொல் இது. பெரும்பாலும் இதனால் மனவருத்தம் மட்டுமே மிஞ்சும். ஆனால், இதே சொல் மனித உயிர்களைக் குடித்த வரலாறும் உண்டு. கணிப்பொறித் துறையில் பணியாற்றும் பிள்ளைகள் இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் உளர். பிறர் எழுதிய மென்பொருளைச் சோதித்துக் குறை காண்பதையே தொழிலாகக் கொண்டோரும் அவர்களுள் உண்டு. அத்தொழிலார் பாடமாகக் கற்கும் அந்த வரலாற்றைப் பெற்றோராகிய நீங்களும் அறிந்திருத்தல் நன்று.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் ‘தெராக்-25’ என்ற இயந்திரத்தைக் கனடா நாட்டின் அரசுடைமை அணுசக்தி நிறுவனம் உருவாக்கியது. கனடாவிலும் அமெரிக்காவிலுமாகப் பதினோரு இயந்திரங்கள் நிறுவப்பட்டன. இதற்கு முந்தைய ‘தெராக்-20’ இயந்திரத்தில், கதிர் அளவு மீறாதபடி காக்கும் தனிக் கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன. புதிய இயந்திரத்திலோ அக்காவல் பெரும்பாலும் மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டது. பழைய இயந்திரங்களின் மென்பொருளில் ஒரு பகுதியும் இதில் எடுத்தாளப்பட்டது. பல ஆண்டுகள் ஓடிய மென்பொருளில் என்ன குறை இருந்துவிடப் போகிறது என்ற நம்பிக்கை!

1985 ஜூன் மாதம், ஜார்ஜியா மாநிலத்தில் சிகிச்சை பெற்ற பெண்மணி ஒருவர், தம்மைச் சுட்டுவிட்டதாக அங்கேயே முறையிட்டார். அப்படி நேர இயலாது என்பதே அவருக்குக் கிடைத்த விடை. அவ்வாண்டின் இறுதியில் வாஷிங்டன் மாநில மருத்துவமனை ஒன்றிலும் ஒரு நோயாளியின் தோலில் விந்தையான காயம் தோன்றியது. மருத்துவமனையார் ஐயுற்று எழுதிக் கேட்டபோது, இயந்திரத்தின் பழுதாலோ இயக்குபவரின் தவறாலோ இக்காயம் ஏற்பட்டிருக்க முடியாதென 1986 பிப்ரவரியில் நிறுவனத்திடமிருந்து மறுமொழி வந்தது. அவர்கள் பொய் சொன்னதாக நாம் கருத வேண்டுவதில்லை. தாம் செய்த பொருள்மீது வைத்த நம்பிக்கை அவர்கள் கண்களை மறைத்தது.

அடுத்த மாதமே, மார்ச் 21 அன்று, டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் பெருந்துயரம் நேர்ந்தது. இயந்திரத்தை இயக்கிய பெண், எலெக்ட்ரான் கதிர் என்று குறிக்க வேண்டிய இடத்தில் எக்ஸ் கதிர் என்று தட்டிவிட்டார். உடனே தவற்றை உணர்ந்து, மேல்நோக்கிச் செல்லும் விசையை அழுத்தித் திருத்தினார். கதிரைச் செலுத்தியதும் இயந்திரம் நின்று, திரையில் ‘பழுது 54’ என்ற குறிப்பு தோன்றியது. கொடுக்க வேண்டிய 202 அலகுகளில் 6 மட்டுமே சென்றதாகவும் அது காட்டியது. அந்த இயந்திரம் இவ்வாறு அடிக்கடி நிற்பது வழக்கமாதலால், தொடருமாறு கட்டளையிட்டார். உண்மையில், முதல்முறையே அளவுக்குப் பன்மடங்கு மிகுந்த கதிர் நோயாளியின் முதுகில் பாய்ந்திருந்தது. எழ முயன்றவர்மீது மறுமுறையும் பாய்ந்தது. ஐந்து மாதங்களில் அவர் இறந்தார்.

நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து சோதித்தனர். பழுது 54 அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஏப்ரல் 7ஆம் நாள் இயந்திரம் மீண்டும் பணிக்கு வந்தது. ஏப்ரல் 11ஆம் நாள், அதே பெண் இயக்கியபோது, அதே பழுது 54 தோன்றியது. மற்றொரு நோயாளி மூன்றே வாரங்களில் உயிர் துறந்தார்.

இங்கேதான் இவ்வரலாறு திரும்புகிறது. அம்மருத்துவமனையின் இயற்பியல் வல்லுநர் இயந்திரத்தை நிறுத்தினார். அப்பெண்ணை உடன் அமர்த்திக்கொண்டு, அன்று செய்தவற்றை நினைவுகூரச் செய்து, மீண்டும் மீண்டும் செய்து பார்த்தார். இறுதியில் மறைபொருள் வெளிப்பட்டது. பழகிய கை விரைவாகத் தட்டும். எட்டு நொடிகளுக்குள் திருத்தம் முடிந்துவிட்டால், இயந்திரத்தின் ஒரு பகுதி அத்திருத்தத்தை ஏற்கும். மற்றொரு பகுதி அறியாது. எக்ஸ் கதிருக்குரிய பெருவலிமையுடன் எழும் கற்றை, இடையில் இருக்க வேண்டிய தடுப்பு இல்லாமலே உடலைத் தாக்கும். நிதானமாகத் தட்டிய பொறியாளர்களுக்குப் பழுது தோன்றாததன் காரணம் இதுவே. விரைந்து தட்டவேண்டும் என்று வல்லுநர் விளக்கிய பின்னரே அவர்களும் அதைக் கண்டனர். நாள்தோறும் இயக்குபவர் எவ்வாறு இயக்குகிறாரோ அவ்வாறே இயக்கிப் பாராத சோதனை சோதனையாகாது!

ஆயினும் பாடம் முழுமையாகக் கற்கப்படவில்லை. முதற்பரிகாரமாக, மேல்நோக்கிச் செல்லும் அந்த விசையைக் கழற்றி, அவ்விடத்தை நாடாவால் மூடிவிடுமாறு மருத்துவமனைகளுக்கு எழுதப்பட்டது. 1987 ஜனவரியில், முன்னர்க் கூறிய வாஷிங்டன் மாநில மருத்துவமனையிலேயே இன்னொருவர் பாதிக்கப்பட்டார். இம்முறை குறை வேறு. மென்பொருளின் எண்ணிக்கை ஒன்று ஒவ்வொரு 256ஆம் முறையும் பூச்சியமாகிவிட, அக்கணத்தில் காவல் சோதனை தவிர்க்கப்பட்டது. ஒரு பிழையை அகற்றுவது வேறு. பிழைக்கு இடம் கொடுத்த எண்ணத்தை அகற்றுவது வேறு. ஆறு விபத்துகள் நேர்ந்த பிறகே, 1987இல், மென்பொருளைச் சாராத தனிக் காவல் கருவிகள் சேர்க்கப்பட்டன.

இன்னும் ஒன்று கேளுங்கள். சிகாகோ நகரில் பழைய தெராக்-20 இயந்திரம் ஒன்றில் மாணவர்கள் பயின்றனர். புதிய மாணவர்கள் வந்து மனம்போன போக்கில் தட்டும் நாள்களில் அதன் பியூஸ் அடிக்கடி எரிந்துபோகும். டைலர் நகரச் செய்தி வெளிவந்த பின்னரே அதன் காரணம் புலனாயிற்று. அதே பிழை அந்த இயந்திரத்திலும் இருந்தது. தனிக் காவல் இருந்தமையால் பியூஸ் எரிந்தது, உயிர் தப்பியது. பெருந்தோல்வி வருமுன் சிறுதோல்வி வந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தது, கேட்பார் இல்லை.

லெவெசன், டர்னர் என்ற அறிஞர் இருவர் 1993இல் இவ்விபத்துகளை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். அதனால்தான் இன்றைய சோதனையாளர் இதைக் கற்க முடிகிறது. மூடி மறைத்த தோல்வி எவருக்கும் ஆசிரியர் ஆவதில்லை.

எனவே பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ சோதனைப் பணியில் இருந்து, “நாள் முழுதும் பிறர் குறையைத் தேடுவதா என் வேலை?” என்று சலித்துக்கொண்டால், டைலர் நகரில் அவ்விருவரும் அமர்ந்து செய்ததை எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் தேடியது பிறர் குறையை அன்று. அடுத்த நோயாளியின் உயிரை. நம் வீட்டிலும் ஒருவர் “எனக்கு வலித்தது” என்று முறையிட்டால், வழியே இல்லை என்று கதவை அடைத்துவிடாமல், “எப்படி நடந்தது? உட்கார்ந்து சொல்” என்று கேட்போம்.