லைட்டைப் பார்க்காதீர்கள், லேபிளைப் படியுங்கள்!

(மூன்றாம் ஆண்டு மின்னியல் மாணவன் ஒருவனின் அனுபவக் கருத்து)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது "மின் சிக்கனம்", "இளைஞரும் எதிர்காலமும்" என்று தலைப்புகள் சொன்னார்கள். அவற்றை எழுத நல்ல நண்பர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது 45,000 ரூபாய்க்குள் கேம் ஆட ஒரு கம்ப்யூட்டர் சேர்ப்பதும், நாலே மாதத்தில் அதைப் புகைய விடுவதும்தான். ஆகவே அதையே எழுதுகிறேன்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அப்பாவிடம் நான் கேம் என்று சொல்லவில்லை. "ஆட்டோகேட் பழகோணுங்ப்பா, காலேஜ் லேப்ல நேரம் பத்தறதில்லீங்" என்றேன். பாதி உண்மை. மீதிப் பாதியை விடுதி நண்பர்கள் அறிவார்கள். அப்பா கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவர். சீட்டு எடுத்துப் பணம் கொடுத்தார். "பாத்து வாங்கு சாமி" என்றதோடு சரி.

நான் பார்த்துத்தான் வாங்கினேன். எதைப் பார்த்தேன் என்பதில்தான் தப்பு!

2023 தீபாவளி முடிந்த சமயம். அதற்கு முந்தைய வருடம், 2022 செப்டம்பரில், எத்தீரியம் என்ற மின் நாணயம் கிராபிக்ஸ் கார்டு வைத்துத் தோண்டும் முறையையே கைவிட்டது. இரவு பகலாக ஓடிய கார்டுகளெல்லாம் வேலை இழந்து பழைய சந்தைக்கு வந்தன. அப்படி வந்த ஓர் ஆர்.எக்ஸ். 580, 8 ஜி.பி. கார்டு எனக்கு 7,000 ரூபாய்க்குக் கிடைத்தது. இன்டெல் ஐ3-12100எஃப் ப்ராசசர், அதற்கொரு போர்டு, 16 ஜி.பி. ரேம், ஒரு மானிட்டர். இதுவரை எல்லாம் சரி. பிறகு கடையில் அந்தக் கண்ணாடிக் கேபினெட்டைப் பார்த்தேன். நாலு பேன், நாலிலும் வானவில் லைட்! 4,500 ரூபாய் அதற்குப் போயிற்று. மிச்சம் இருந்ததில் எஸ்.எம்.பி.எஸ். 1,200 ரூபாய்க்கு. மேலே பெரிய எழுத்தில் "500" என்று போட்டிருந்தது. போதாதா!

மார்ச் மாதம் ஒரு ராத்திரி, 'பட்' என்று ஒரு சத்தம். பிறகு ஒரு நாற்றம். அந்த நாற்றம் எனக்குப் பழக்கமானது. அப்பாவின் சட்டையில் தினமும் வருவது, கருகிய வைண்டிங் வாசம். எஸ்.எம்.பி.எஸ். தான் போனதோடு நிற்காமல் போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அப்பா அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். "என்ன சாமி, காத்தாட்ட இருக்குது?" என்றார். பிறகுதான் லேபிளில் இருந்த பொடி எழுத்தைப் படித்தோம். 12 வோல்ட், 14 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 168 வாட். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட் லைனில்தான். என் கார்டு மட்டுமே 185 வாட் கேட்கும். ப்ராசசர் முழு மூச்சில் ஓடினால் 89 வாட் வரை போகும். இரண்டும் சேர்ந்து 274. நாலு மாதம் தாக்குப் பிடித்ததே பெரிய காரியம்!

எனக்கு வெட்கமாகப் போனது இதுதான். மிஷின்ஸ் லேபில் மோட்டாரைத் தொடுமுன் நேம்பிளேட்டைப் படித்து வோல்ட், ஆம்பியர், ஆர்.பி.எம். மூன்றையும் நோட்டில் எழுதுகிறோம். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. அம்மா கிரைண்டர் வாங்கப் போனால்கூட பெயின்ட்டை விட்டுவிட்டுக் கல்லையும் மோட்டாரையும்தான் விசாரிக்கிறார். நாம்தான் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்ததும் பாடத்தை வாசலில் விட்டுவிடுகிறோம்.

ஆகவே என் கருத்து இது. பணம் குறைவாக இருப்பவன் முதலில் கிராபிக்ஸ் கார்டை முடிவு செய்யட்டும். அதன் வாட்டையும் ப்ராசசர் வாட்டையும் கூட்டட்டும். அதற்கு மேல் தாராளமாக இடம் விட்டு எஸ்.எம்.பி.எஸ். எடுக்கட்டும். பெரிய எழுத்தை நம்ப வேண்டாம், 12 வோல்ட் ஆம்பியரைப் பாருங்கள். "80 பிளஸ்" முத்திரை நல்லதுதான். ஆனால் அது சொல்வது திறனை மட்டுமே. ஓவர் கரன்ட், ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பு உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும். வாரன்டி எத்தனை வருடம் என்பதும் நிறையச் சொல்லும். கேபினெட் கடைசி. முன்பக்கம் காற்றுப் போக வலை இருந்தால் வெறும் தகரமே போதும்.

(கெட்டுப்போனதைப் பிரிக்க ஆசைப்படாதீர்கள். 230 வோல்ட்டை ரெக்டிஃபை செய்தால் உச்சம் 325. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர் அதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும்.)

"நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்கினால் கார்டுக்குக் காசில்லையே?" என்பீர்கள். அப்படியானால் கார்டைத் தள்ளிப் போடுங்கள். ரைசன் 5 5600ஜி போன்ற, உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ப்ராசசரில் ஆரம்பிக்கலாம். அது ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும், எனவே 16 ஜி.பி. ஒன்றுக்குப் பதில் 8 ஜி.பி. இரண்டு போட்டால் வேகம் நன்றாகவே கூடும். என்னுடையது போல "எஃப்" என்று முடியும் இன்டெல்லை எடுத்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். கார்டு இல்லாமல் அதில் திரையே வராது.

என் விலைகளை அப்படியே நம்பிக் காந்திபுரம் போய்விடாதீர்கள். செயற்கை நுண்ணறிவுக்காகப் பெரிய கம்பெனிகள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில், 2025 கடைசியில் ரேம் விலை கண்டபடி ஏறிவிட்டது. விலை மாறும். வாட் கணக்கு மாறாது.

மறுபடி போர்டுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குமாக 10,500 ரூபாய் தேவைப்பட்டது. மே மாத விடுமுறையில் பட்டறையில் நானும் உட்கார்ந்து காயில் சுற்றினேன். அங்கேதான் ஒரு நாள், "அப்பா, அது ஆட்டோகேடுக்கு மட்டும் வாங்குலீங்" என்று மெதுவாகச் சொன்னேன். கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமலே அப்பா சொன்னார், "தெரியுங் கண்ணு. ராத்திரி ரண்டு மணிக்கு எவன் டிராயிங் போடறான்?"

இரண்டாம் தடவை கடைக்கு அவரும் வந்தார். இரண்டு பெட்டிகளை இரு கையிலும் தூக்கி எடை பார்த்தார். கடைக்காரர் சிரித்தார். "எடையை மட்டும் வெச்சு முடிவு பண்ணக் கூடாதுங்ப்பா" என்றேன். "அப்ப நீ படி" என்று லேபிளை என் பக்கம் திருப்பினார்.

படித்தேன். 12 வோல்ட், 45 ஆம்பியர். 540 வாட்.

"இதயே போட்டுக் குடுங்க" என்றார் கடைக்காரரிடம்.